எல்லாம் வெள்ளைதானே? வீட்டுச் சுவருக்கு வெளிர்நிறம் தெரிவு செய்யும் முறை

எங்கள் ஹோலுக்கு நான் எடுத்த நிறத்தின் பெயரில் சாம்பல் இருந்தது. நிறங்களைப் பெட்டி பெட்டியாக அச்சடித்துக் கடையில் தருகிற அட்டையிலும், அதாவது கலர் காட்டிலும், சாம்பலாகத்தான் தெரிந்தது. கடையில் பெயின்ற் ரின்னைத் திறந்து காட்டியபோதும் சாம்பல்தான். இரண்டு கோட் அடித்து, ஏணியை வெளியே எடுத்து, தரையைத் துடைத்து முடித்த அன்று பின்னேரம் அம்மா விறாந்தையில் நின்றபடி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏன் தம்பி, ரோஸ் அடிச்சனீ?"

அவர் சொன்னது சரி. சுவர் ரோஸாகத்தான் இருந்தது. கடைக்காரர் பிழை விடவில்லை, பெயின்ற் அடித்த அண்ணையும் பிழை விடவில்லை. தரைதான் காரணம். அப்பா காலத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை, மெழுகு போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி இருக்கும். மூன்று மணிக்கு மேல் மேற்கு யன்னலால் வருகிற வெயில் அதில் விழுந்து, அங்கிருந்து சிவப்பை அள்ளிக்கொண்டு சுவரில் ஏறுகிறது. கடும் நிறம் என்றால் அதைத் தாங்கியிருக்கும். வெளிர்நிறத்துக்கு அந்தப் பலம் கிடையாது, பக்கத்தில் எது இருக்கிறதோ அதன் சாயலை வாங்கிக்கொள்ளும்.

முதன்முதலாக வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடும் நீலமோ பச்சையோ எடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை, பிடித்தால் பிடித்தது. ஐவரி, கிறீம், ஓஃப் வைற், இளஞ்சாம்பல் என்று ஒரு வயிற்றுப் பிள்ளைகள் மாதிரி நிற்கிற நிறங்களில் ஒன்றைப் பிரித்தெடுப்பதில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள்.

பெயரைப் பார்க்காமல் சாயலைப் பாருங்கள்

ஒரு கொம்பனியின் ஐவரி இன்னொரு கொம்பனியின் கிறீமாக இருக்கும். ஆகவே பெயரை வைத்து ஒன்றும் முடிவெடுக்க முடியாது. பார்க்க வேண்டியது உள்ளே ஒளிந்திருக்கிற சாயல். வெளிர்நிறங்களைப் பெரும்பாலும் நான்கு குடும்பமாகப் பிரிக்கலாம்: மஞ்சள் ஓடியது, ரோஸ் ஓடியது, பச்சை ஓடியது, நீலச்சாம்பல் ஓடியது. இது நமக்குப் புதிய விஷயம் ஒன்றுமில்லை. காய்ச்சிய பசும்பாலில் மஞ்சள் ஓடும். சிவப்பரிசி வடித்த கஞ்சியில் ரோஸ் ஓடும். குருத்தோலையின் அடிப்பக்கத்தில் பச்சை இருக்கும். நீலம் போட்டுத் துவைத்த வேட்டியில் நீலம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாவற்றையும் வெள்ளை என்றுதான் சொல்வோம். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் குட்டு வெளிப்படும்.

அதனால் முதல் வேலை, ஒரு வெற்று ஏ4 கடதாசி. கலர் காட்டை அதன்மேல் வைத்து, வாசலடியில் நேர் வெயில் படாத வெளிச்சத்தில் பாருங்கள். கடைக்குள் ரியூப் லைற்றின் கீழே வேண்டாம். கடதாசி பக்கத்தில் வந்தவுடனே 'வெள்ளை' என்று நினைத்த நிறம் தன் சாயலைக் காட்டிவிடும். அப்புறம் அந்தக் கலர் காட்டில் அதே வரிசையில் கீழே இருக்கும் கடும் நிறத்தையும் பாருங்கள். மேலே இருப்பது பெரும்பாலும் அதன் நீர்த்த வடிவம். கீழே மண்நிறம் என்றால் மேலேயும் மண் இருக்கிறது, கீழே பாசிநிறம் என்றால் மேலேயும் பாசி இருக்கிறது. எல்லாக் காட்டும் இப்படி அடுக்கப்பட்டிருப்பதில்லை. ஆனால் அடுக்கப்பட்டிருந்தால் இதைவிட விரைவான வழி இல்லை.

இரண்டு காட் கேட்டு வாங்கி, ஒன்றைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளுங்கள். காட்டில் பக்கத்துப் பெட்டி கண்ணை ஏமாற்றும். மஞ்சளுக்குப் பக்கத்தில் இருக்கிற சாம்பல் நீலமாகத் தெரியும், அதே சாம்பலை நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மண்ணாகத் தெரியும்.

நீலம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. முன்பு சுண்ணாம்பு கரைக்கும்போது வாளியில் கொஞ்சம் நீலம் கலந்துவிடுவார்கள். சுண்ணாம்பில் இருக்கும் மஞ்சளை நீலம் அடக்க, கண் 'ஆ, வெள்ளை' என்று சொல்லும். நாம் ஒப்பிடுகிற ஏ4 கடதாசியிலும் கிட்டத்தட்ட அந்த வித்தைதான், அதுவும் சற்று நீலம் ஓடிய வெள்ளை. பரவாயில்லை, எல்லா நிறத்தையும் அதே கடதாசியோடு ஒப்பிடும்வரை கணக்கு சரியாக வரும்.

சாயலுக்கு அடுத்தது வெளிச்சத்தின் அளவு. சில கொம்பனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று ஓர் எண் தருகின்றன. சுவரில் படும் வெளிச்சத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதற்கான அளவு அது. கறுப்புக்கு 0, தூய வெள்ளைக்கு 100. வேம்போ மாமரமோ மறைத்து நிற்கிற இருட்டு அறைக்கு 75க்கு மேல் எடுங்கள். கடற்கரை மணலைப் பார்த்த அறைக்கு அவ்வளவு தேவையில்லை. 60, 65 போதும், இல்லாவிட்டால் காலையிலேயே கண் கூசும். எண் கிடைக்காவிட்டால் வெட்டிய துண்டுகளை ஒன்றாக வைத்து போனில் ஒரு படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். எது வெளிர், எது கடும் என்று தெரிந்துவிடும். போனின் உதவி அந்த அளவோடு சரி. நிறத்தையே போனில் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். கமரா தன் பாட்டில் வெள்ளையைத் திருத்திக்கொள்ளும். கனடாவில் இருக்கிற மச்சாளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி "எது நல்லம்?" என்று கேட்டால், அவ பார்ப்பது வேறொரு நிறத்தை.

எங்கள் ஊர் வெயில் வேறு

இணையத்தில் தேடினால் ஒரே அறிவுரைதான் திரும்பத் திரும்ப வரும்: வடக்குப் பார்த்த அறை குளிர்ந்த நீல வெளிச்சம், அதற்குச் சூடான கிறீம் அடி, தெற்குப் பார்த்த அறைக்கு நாள் முழுக்க வெயில், அதற்குச் சாம்பல் அடி. எழுதியவர்கள் இருப்பது ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ. அங்கே நண்பகலில் சூரியன் எப்போதும் தெற்கே நிற்கும். எங்கள் திருகோணமலை இருப்பது பூமத்தியரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகை அளவில். இங்கே சித்திரைப் புத்தாண்டை ஒட்டிச் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும், பிறகு வடக்கே தாண்டிப் போய் ஆவணியில்தான் உச்சிக்குத் திரும்பும். இடைப்பட்ட நாலரை மாதமும் காலை வெயிலும் பின்னேர வெயிலும் வடக்குச் சுவரில் விழும். தெற்குச் சுவர் நிழலில் கிடக்கும். கார்த்திகை, மார்கழியில் எல்லாம் தலைகீழ். ஆகவே அந்த அறிவுரையை அப்படியே எடுத்தால் வருடத்தில் பாதி நாள் பிழைக்கும்.

இங்கே பார்க்க வேண்டியது கிழக்கும் மேற்கும். நகரத்துக்கு இரண்டு பக்கமும் கடல் இருப்பதால் அது இன்னும் கூடுதலாகத் தெரியும். டைக் வீதிப் பக்கம், கடலைப் பார்த்த முன்னறைக்கு விடியற்காலையிலேயே பொன் வெளிச்சம். பத்து மணிக்கெல்லாம் அது வெளுத்து, பின்னேரம் நிழலாகிவிடும். உட்துறைமுகப் பக்கம் மேற்கைப் பார்த்த வீட்டில் காலை முழுக்க மந்தம், நாலு மணிக்கு மேல் தண்ணீரில் பட்டுத் தெறிக்கிற வெயில் சீலிங் வரை ஆடும். முதல் அறையில் மஞ்சள் ஓடிய கிறீம் அடித்தால் காலையில் வெண்ணெய் பூசிய மாதிரி இருக்கும். இரண்டாவதில் அதே கிறீம் காலை மந்தத்துக்கு நல்ல துணை, பின்னேரம் கொஞ்சம் அதிகமாகத் தோன்றும். எதை விட்டுக்கொடுப்பது? அந்த அறையில் நீங்கள் எந்த நேரம் இருப்பீர்கள் என்று பாருங்கள். படுக்கையறை என்றால் காலையும் இரவும். குசினி என்றால் காலையும் மதியமும். ஆளே இல்லாத நேரத்தில் சுவர் எப்படி இருந்தால் என்ன?

யன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். மரம் அடர்ந்திருந்தால் அறைக்குள் பச்சை வரும். பக்கத்து வீட்டு மதில் மஞ்சள் என்றால் அதுவும் உள்ளே வரும். யாராவது நீலத் தறப்பாள் கட்டியிருந்தால், அது கழலும்வரை நிறம் தெரிவு செய்யாமல் இருப்பது நல்லது.

தரை, மரம், சுவிட்ச்

சிவப்புச் சீமெந்தின் கதையைச் சொல்லிவிட்டேன். அதை எப்படிச் சரிக்கட்டினேன் என்பதுதான் பாக்கி. சிவப்புக்கு எதிர் பச்சை. இரண்டாவது தடவை, சாம்பலுக்குள் துளி பச்சை ஓடிய ஓஃப் வைற் ஒன்றை எடுத்தேன். பின்னேரம் தரையின் சிவப்பு அதன் மேல் ஏறும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்று, சுவர் வெறும் வெளிர்நிறமாக நிற்கிறது. காலையில் உற்றுப் பார்த்தால் பச்சை தெரியும். அம்மா இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளை ரைல்ஸ் போட்ட வீட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ரைல்ஸில் பெரும்பாலும் ஒரு சாயல் இருக்கும். மீந்த துண்டு ஒன்றைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.

கதவு நிலை முதிரையோ தேக்கோ, வார்னிஷ் பூசியதோ என்றால் அந்த மரத்தின் பொன்மஞ்சள் பக்கத்துச் சுவரை எதிர்ப்பக்கம் தள்ளும். சாதாரண இளஞ்சாம்பல்கூட நிலைக்கு ஒட்டிய இடத்தில் நீலமாகத் தெரியும். நீலம் வேண்டாம் என்றால் மண் ஓடிய சாம்பலை எடுங்கள்.

கடைசியில் ஒரு சின்ன விஷயம், பலர் கவனிக்காதது. சீலிங்குக்குப் பிரில்லியன்ற் வைற் அடித்து, சுவருக்குக் கிறீம் அடித்தால், கிறீம் அழுக்காகத் தெரியும். கிறீமில் குறை ஒன்றும் இல்லை, மேலே இருக்கிற பளீர் வெள்ளைதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. சுவிட்ச் மூடியும் வயர் போகிற பிளாஸ்ரிக் கேசிங்கும் அதே வேலையைச் செய்யும். சீலிங்குக்கும் சுவர் நிறத்தையே அடிக்கலாம், அல்லது அதே சாயல் ஓடிய இன்னும் வெளிரான ஒன்றை அடிக்கலாம்.

பிறிஸ்டல் போட் சோதனை

இதுதான் முழு வேலையின் உயிர். இதைச் செய்தால் மேலே சொன்ன எதையும் மறந்தாலும் தப்பிவிடலாம்.

மூன்று நிறத்துக்கு மேல் எடுக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் கிடைக்கிற ஆகச் சிறிய ரின் வாங்குங்கள். புத்தகக் கடையில் தடித்த வெள்ளை பிறிஸ்டல் போட் நிறத்துக்கு இரண்டு. விளிம்பைச் சுற்றி ஒரு அங்குலம் வெள்ளையாக விட்டு, ரோலராலேயே இரண்டு கோட் அடியுங்கள். பிரஷ்ஷால் அடித்தால் தடம் விழுந்து நிறம் மாறித் தெரியும். முதல் கோட் காயாமல் இரண்டாவது வேண்டாம். எமல்ஷன், அதாவது உட்சுவருக்கு அடிக்கிற தண்ணீர்ப் பெயின்ற், ஈரத்தில் கொஞ்சம் வெளிராக இருந்து காய்ந்தபின் ஒரு படி கடுமையாகும். சுண்ணாம்பு இதற்கு நேர்மாறு, காயக் காய வெளுக்கும். அதனால் ஒருநாள் விட்டுப் பாருங்கள்.

நேரே சுவரில் அடித்துப் பார்த்தால் என்ன என்று கேட்கலாம். அடிக்கலாம், ஆனால் பழைய நிறம் சுற்றிவர நிற்கும். பழைய சுவர் இளம்பச்சை என்றால் அதன் நடுவே எந்த வெள்ளையும் ரோஸாகத்தான் தெரியும். போட்டில் விட்ட வெள்ளை விளிம்பு அந்தப் பழைய நிறத்தைத் தள்ளி நிறுத்துகிறது. தவிர, போட்டைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை போகலாம்.

வைக்கிற இடம் முக்கியம். யன்னல் இருக்கிற சுவரிலேயே ஒன்று, அதற்கு எதிர்ச் சுவரில் ஒன்று. யன்னல் சுவர் எப்போதும் இருட்டு, எதிர்ச் சுவர் எப்போதும் வெளிச்சம், ஒரே பெயின்ற் இரண்டு நிறமாகத் தெரியும். இரண்டையும் ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் போட்டைக் கண் மட்டத்தில் ஒட்டிவிட்டுப் போய்விடாமல், தரையில் முட்டுமாறு சாய்த்து வையுங்கள். அடிப்பக்கம் தரையின் நிறத்தை வாங்குகிறதா என்று அப்போது தெரியும். நான் இதைச் செய்திருந்தால் எட்டு லீற்றர் பெயின்ற் மிச்சம்.

இன்னொன்று: ஒரே நிறத்து இரண்டு போட்டையும் அறை மூலையில் ஒன்றையொன்று பார்க்க நிறுத்துங்கள். மூலைக்குள் நிறம் கடுமையாவதைப் பார்ப்பீர்கள். ஒரு சுவர் மற்றச் சுவருக்கு நிறம் கொடுக்கிறது. நாலு சுவரும் அடித்தால் அறை முழுக்க அதுதான் நடக்கும். காட்டில் 'துளி மஞ்சள்' என்று பார்த்தது அறையில் 'நல்ல மஞ்சள்' ஆகிவிடுவது இதனால்தான். சந்தேகம் இருந்தால் ஒரு படி மங்கலானதை எடுங்கள்.

காலை ஏழு, மதியம் பன்னிரண்டு, பின்னேரம் நாலு, இரவு எட்டு. இந்த நாலு நேரமும் பாருங்கள், மூன்று நாள் போதும். இரவில் உங்கள் வீட்டு மின்குமிழின் கீழே பார்ப்பதுதான் கணக்கு. பெட்டியில் 6500 கெல்வின் என்று இருந்தால் அது டேலைட், நீலம் ஓடிய வெளிச்சம், அதன் கீழே நீலச்சாம்பல் சுவர் ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கும். 3000 என்றால் மஞ்சள் வெளிச்சம், கிறீம் இன்னும் கிறீமாகும். பெயின்ற்றை மாற்றுவதைவிடக் குமிழை மாற்றுவது மலிவு என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

மூன்று நாளுக்குப் பிறகும் இரண்டு நிறத்துக்கு இடையே முடிவெடுக்க முடியவில்லை என்றால், நல்ல செய்தி: உங்கள் வீட்டில் இரண்டும் ஒன்றுதான். கடையில் உடனே கிடைப்பதை எடுங்கள். அதற்காக வீட்டில் சண்டை பிடிக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அடித்து ஒரு மாதம் போனபின் எந்த நிறம் வென்றது என்பதே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது.

வாங்கும்போது

அளவுக் கணக்கு சுலபம். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்து அடி: சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 440 சதுர அடி. ஒரு கதவுக்கும் இரண்டு யன்னலுக்கும் ஐம்பதைக் கழித்தால் 390. இரண்டு கோட்டுக்கு 780. நன்றாகப் பூசிய சுவரில் ஒரு லீற்றர் சராசரியாக 110 சதுர அடி போகும் என்று வைத்தால் ஏழு லீற்றருக்குக் கொஞ்சம் மேல். இரண்டு நாலு லீற்றர் ரின் சரி. புதுப் பூச்சு என்றால் முதலில் பிரைமர் என்கிற அடிக்கோட், இல்லாவிட்டால் சுவர் குடித்துவிடும்.

மெஷினில் கலக்கும் நிறம் என்றால், தேவையானதை ஒரே தடவையில் வாங்குங்கள். வெளிர்நிறத்தில் ஒரு முழு ரின்னுக்கு விழுவது கொஞ்சத் துளி சாயம்தான். அதில் ஒரு துளி கூடினாலும் குறைந்தாலும் கண்ணுக்குத் தெரியும். வீட்டுக்கு வந்ததும் எல்லா ரின்னையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலந்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பெயின்ற் அடிக்கிறவர் "எல்லாம் ஒரே நம்பர்தானே தம்பி" என்பார். ஓம் என்று சொல்லிவிட்டு நீங்களே கலந்துவிடுங்கள். ஒரு கொம்பனியின் நம்பரைக் கொண்டுபோய் இன்னொரு கொம்பனியின் பெயின்ற்றில் கலக்கச் சொன்னால் கிட்டத்தட்ட வரும். வெளிர்நிறத்தில் அந்தக் 'கிட்டத்தட்ட' போதாது.

மினுக்கம் பற்றி ஒரு வார்த்தை. மினுங்குகிற சில்க் பூச்சு துடைக்கச் சுலபம், ஆனால் மேசன் விட்ட மேடு பள்ளம் எல்லாவற்றையும் பக்கவாட்டு வெயில் எடுத்துக் காட்டும். தரையின் நிறத்தையும் அது கூடுதலாக வாங்கும். குசினிக்கு சில்க், மற்ற அறைகளுக்கு மினுக்கம் இல்லாத 'மற்' பூச்சு என்பது என் கட்சி.

ஐப்பசி தொடக்கம் தை வரை வாடைக்காற்றும் மழையும் இருக்கும்போது அடிக்க வேண்டாம். சுவர் காயாது. கடலோர வீடுகளில் உப்புப் பூத்து வெளிர்நிறத்தை வட்டம் வட்டமாகத் தள்ளிவிடும். நிறம் தெரிவு செய்யவும் அது நல்ல காலம் இல்லை: மார்கழி மப்பில் 'கொஞ்சம் மஞ்சள் காணாது' என்று எடுத்த கிறீம் பங்குனி வெயிலில் கத்தும். மாசி, பங்குனி தோதானது. மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களிலும் அடிக்கலாம், ஆனால் காலையில் தொடங்கி, மேற்கு யன்னலைச் சாத்திவிட்டு. இல்லாவிட்டால் ஈரச் சுவரில் புழுதி ஒட்டும், ரோலர் திரும்பி வருவதற்குள் பெயின்ற் காய்ந்து தடம் விழும்.

முடிந்ததும் மிஞ்சியதில் கொஞ்சத்தை ஒரு ஜாம் போத்தலில் ஊற்றி இறுக மூடி வையுங்கள். ஆணி அடித்த துவாரம், பிள்ளைகளின் கிறுக்கல், கதிரை உரசிய இடம் எல்லாவற்றுக்கும் அது உதவும். மூடியில் நிறத்தின் பெயர், நம்பர், அறை, அடித்த மாதம் எழுதுங்கள், ரின்னில் ஒட்டியிருந்த கலவைச் சீட்டையும் படம் எடுத்து வையுங்கள். எங்கள் குசினி அலுமாரியின் மேல் இரண்டு போத்தல் இருக்கிறது. ஒன்றில் என் கையெழுத்தில் நம்பரும் மாதமும். மற்றதில், முதல் தடவை மிஞ்சியதில், அம்மா தன் கையெழுத்தில் ஒரே ஒரு சொல் எழுதி ஒட்டியிருக்கிறார்: ரோஸ்.